மனநல கிளினிக்ல ஆஃபீஸ் மேனேஜர் வேலை: கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய கணக்கு



பெரிய கம்பெனியில சேர்ந்தா சம்பளம், பி.எஃப்., இன்சூரன்ஸ், ஃபார்ம் 16 எல்லாத்தையும் பார்த்துக்க ஒரு ஹெச்.ஆர். டிபார்ட்மென்ட் இருக்கும். சின்ன இடத்துல அப்படி யாரும் கிடையாது. இன்னைக்கு அந்த மாதிரி ஒரு வேலையை எடுத்துக்கிட்டு கணக்குப் போடலாம்: மனநல கிளினிக்ல ஆஃபீஸ் மேனேஜர்.

ஏன் இந்த வேலை? மனநல சிகிச்சைக்கான தேவை கண்ணுக்குத் தெரிஞ்சே அதிகமாகுது. 2015-16ல நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நம்ம நாட்டுல பெரியவங்கள்ல 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்குன்னு சொல்லுச்சு. இன்னைக்கு சென்னை, கோயம்புத்தூர், மதுரைன்னு தனியார் மனநல கிளினிக்குகள் இருக்கு. அங்கெல்லாம் டாக்டரோட பக்கத்துல நின்னு கிளினிக்கை ஓட்ட ஒரு ஆள் வேணும். பி.காம்., பி.பி.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சவங்களுக்கு இது நல்ல வேலைதான். "கீழ்ப்பாக்கத்துலயா வேலை?"ன்னு கிண்டல் பண்ற சொந்தக்காரங்களை விட்டுத்தள்ளுங்க. 1794ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது. அங்க வேலை பார்க்கிறது கௌரவக் குறைச்சல் இல்ல.

ஆனா ஒரு ஆடிட்டரா, இந்த மாதிரி சின்ன கிளினிக்குகளோட கணக்கைப் பார்க்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ல படுற விஷயம் ஒண்ணு இருக்கு. டாக்டரோட லைசென்ஸ், ஸ்டாஃபோட சம்பளம், நோயாளியோட இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாத்தையும் அந்த மேனேஜர் கச்சிதமா வெச்சிருப்பாங்க. அவங்க சொந்தப் பேப்பர் மட்டும் அரைகுறையா இருக்கும். கிளினிக்குக்கு ஹெச்.ஆர். நீங்கதான். உங்களுக்கு ஹெச்.ஆர். யாரு? அதுவும் நீங்கதான். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பத்திதான்.

(ஒரு சின்னக் குறிப்பு: கீழ வர்ற வரிக் கணக்கு 2025-26 நிதியாண்டுக்கு. பிரிவு எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்தோடது. 2026 ஏப்ரல் 1லிருந்து புது வருமான வரிச் சட்டம்ங்கிறதால அதுல எண்கள் வேற.)

முதல்ல, வேலை என்ன?

"மேனேஜர்"னு கார்டுல இருக்கும். நடைமுறையில அஞ்சாறு பேரோட வேலை ஒரே நாற்காலியில உட்கார்ந்திருக்கும்.

- அப்பாயின்ட்மென்ட். ஜெனரல் டாக்டர்கிட்ட டோக்கன் போட்டு பத்து நிமிஷத்துல அனுப்புற மாதிரி இங்க முடியாது. தெரபி செஷன்னா முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் போகும். ஒருத்தர் வரலைன்னா அந்த நேரத்துக்கான வருமானம் அப்படியே போச்சு. அதனால அட்வான்ஸ் வாங்கறது, கேன்சல் பண்ணா திருப்பித் தர்றது, இதுக்கெல்லாம் எழுதி வெச்ச விதி வேணும்.
- வசூல், பில், தினக் கணக்கு.
- வெளியிலிருந்து வர்ற சைக்காலஜிஸ்ட், கவுன்சலர்களோட பங்குத் தொகை. அதுக்கு டி.டி.எஸ். பிடிக்கணும்னா பிடிச்சுக் கட்டணும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு சொல்லிக்கிறவங்களோட ஆர்.சி.ஐ. பதிவு எண்ணை வாங்கி ஃபைல்ல வைக்கணும்.
- லைசென்ஸ். தமிழ்நாடு தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு, மருத்துவக் கழிவு அனுமதி இருக்கணும். நோயாளிகளை உள்ள சேர்த்து வெச்சுப் பார்க்கிற இடம்னா 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி தனிப் பதிவும் வேணும். எது எப்போ முடியுதுன்னு காலண்டர் வெச்சுப் பார்க்கிறது நீங்கதான்.
- உள்ளேயே மருந்துக்கடை இருந்தா, அல்பிரசோலம், டயஸபாம் மாதிரி ஹெச்1 பட்டியல் மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு. அதை 3 வருஷம் பத்திரமா வெச்சிருக்கணும்.

இதுல எதுவுமே டாக்டர் வேலை இல்ல. ஆனா இதுல ஒண்ணு தவறினாலும் டாக்டர் உட்கார முடியாது. சம்பளம் பேசும்போது இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

சம்பளமா, ஃபீஸா?

ஆஃபர் லெட்டர்ல நீங்க முதல்ல தேட வேண்டியது தொகையை இல்ல, ஒரு வார்த்தையை. "சம்பளம்"னு போட்டிருக்கா, "கன்சல்டன்சி ஃபீஸ்"னு போட்டிருக்கா? வாயால சொல்லும்போது ரெண்டும் "மாசம் 30,000"தான். பேப்பர்ல ரெண்டும் வேற வேற.

ஒரு உதாரணம். 20 பேருக்கு மேல வேலை பார்க்கிற ஒரு மனநல மருத்துவமனை. மாசம் ரூ.30,000. அடிப்படைச் சம்பளம் ரூ.15,000. ரெண்டு பக்கமும் தொழில் வரி உண்டு. அது வருஷத்துக்கு அதிகபட்சம் ரூ.2,500ங்கிறதால கணக்குல சேர்க்கல.

சம்பளக்காரரா சேர்ந்தா:
- உங்க பங்கு பி.எஃப். ரூ.1,800 பிடிச்சது போக, கையில ரூ.28,200.
- நிறுவனம் தன் பங்கா இன்னொரு ரூ.1,800 போடும். அதுல ரூ.1,250 பென்ஷன் திட்டத்துக்கும் ரூ.550 உங்க பி.எஃப். கணக்குக்கும் போகும்.
- வருமான வரி பூஜ்யம்.

கன்சல்டன்ட்டா சேர்ந்தா:
- 194ஜே பிரிவுன்னு சொல்லி 10 சதவீதம் டி.டி.எஸ். ரூ.3,000 பிடிப்பாங்க. கையில ரூ.27,000.
- வருஷ வருமானம் ரூ.3,60,000. புதிய வரி முறையில 4 லட்சம் வரைக்கும் வரியே இல்ல. அதனால பிடிச்ச ரூ.36,000மும் உங்க பணம்தான். ஆனா ரிட்டர்ன் போட்டாதான் திரும்ப வரும். ஏப்ரல்ல பிடிச்ச ரூ.3,000 உங்க கைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்.

"15ஜி ஃபார்ம் கொடுத்து டி.டி.எஸ். பிடிக்காம பண்ணிக்கலாமே சார்?" இந்தக் கேள்வி நிச்சயம் வரும். 194ஜேக்கு 15ஜி செல்லாது.

இன்னொரு விஷயம். 10 சதவீதம்ங்கிறது டாக்டர், வக்கீல், ஆடிட்டர் மாதிரி தொழில்முறை சேவைக்கு. அலுவலக நிர்வாகம் அந்தப் பட்டியல்ல இல்ல. நிர்வாகச் சேவை, சட்டத்தோட கண்ல தொழில்நுட்பச் சேவைங்கிற வகையில வரும். அதுக்கு வீதம் 2 சதவீதம். உண்மையிலேயே கான்ட்ராக்ட்தான்னா இதைக் கேட்டு வாங்குங்க. அதே காரணத்தால, ரிட்டர்ன் போடும்போது "பாதி வருமானம்தான் லாபம்"னு காட்டுற 44ஏடிஏ பிரிவையும் கண்ணை மூடிக்கிட்டுப் போடாதீங்க. அது குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டும்தான்.

சரி, டி.டி.எஸ். திரும்ப வந்துடும். அப்போ ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணும். இல்ல. வராமப் போறது எதுன்னு பார்க்கலாம். அஞ்சு வருஷம் வேலை பார்த்ததா வெச்சுக்குவோம்.

- நிறுவனத்தோட பி.எஃப். பங்கு: மாசம் 1,800 வீதம் 60 மாசத்துக்கு ரூ.1,08,000. வட்டி தனி.
- கிராஜுவிட்டி: 15,000 × 15 ÷ 26 × 5 = ரூ.43,269.
- வருஷத்துக்கு 12 நாள் சம்பளத்தோட லீவு. ஒரு நாளுக்கு ரூ.1,000ன்னா அஞ்சு வருஷத்துக்கு ரூ.60,000.

மொத்தம் ரூ.2,11,269. மாசத்துக்குப் பிரிச்சா ரூ.3,521. அதாவது, 30,000 ரூபாய் "கன்சல்டன்ட்" வேலை, சம்பள வேலையோட ஒப்பிட்டா கிட்டத்தட்ட 26,500 ரூபாய் வேலை.

இதுல இன்னும் ரெண்டு பெரிய விஷயத்தைச் சேர்க்கவே இல்ல. ஒண்ணு, பி.எஃப். உறுப்பினரா இருக்கும்போது இறந்துபோனா குடும்பத்துக்கு 7 லட்சம் வரைக்கும் கிடைக்கிற இ.டி.எல்.ஐ. காப்பீடு. இன்னொண்ணு, மகப்பேறு விடுப்பு. 10 பேருக்குக் குறையாத நிறுவனத்துல ஊழியரா இருக்கிற பெண்ணுக்கு முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட விடுப்பு உண்டு. நம்ம உதாரணத்துல அது சுமார் ரூ.1,80,000. கன்சல்டன்ட்டுக்கு அது கிடையாது. கல்யாணம் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு வருஷத்துல சேர்ற ஒரு பொண்ணுக்கு, லெட்டர்ல இருக்கிற ஒரு வார்த்தையோட விலை இது.

அப்புறம் வீட்டுக் கடன். பேங்க்ல சம்பளக்காரர்னா சம்பளச் சீட்டும் ஃபார்ம் 16ம் கொடுத்தா வேலை நடக்கும். ஃபீஸ் வாங்குறவர்னா சுயதொழில் செய்றவர் மாதிரி ரெண்டு மூணு வருஷத்து ரிட்டர்னைக் கேப்பாங்க.

இதுக்காக கன்சல்டன்ட் வேலையே தப்புன்னு நான் சொல்லல. நீங்களே மூணு கிளினிக்குக்குப் பகுதி நேரமா கணக்கு, நிர்வாகம் பார்த்துக் கொடுக்கிறீங்கன்னா அது நியாயமான ஏற்பாடு. ஆனா காலையில 9 மணிக்கு வரணும், டாக்டர் சொல்ற வேலையைச் செய்யணும், லீவுக்கு அனுமதி கேக்கணும், வேற எங்கயும் வேலை பார்க்கக் கூடாதுன்னா, லெட்டர்ல என்ன பேர் போட்டாலும் அது ஊழியர் வேலைதான். பிரச்சினைன்னு வந்தா சட்டம் பார்க்கிறது நடைமுறையைத்தான், தலைப்பை இல்ல.

தலைகளை எண்ணுங்க

இன்டர்வியூவுக்குப் போகும்போதே அந்த இடத்துல எத்தனை பேர் வேலை பார்க்கிறாங்கன்னு எண்ணிப் பாருங்க. காரணம் இருக்கு.

- 20 பேர் அல்லது அதுக்கு மேல: பி.எஃப். கட்டாயம். ஏஜென்சி மூலமா வர்ற ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஆட்களும் இந்த எண்ணிக்கையில சேருவாங்க.
- 10 பேர் அல்லது அதுக்கு மேல: கிராஜுவிட்டி, மகப்பேறு விடுப்பு, இ.எஸ்.ஐ. மாசச் சம்பளம் ரூ.21,000 வரைக்கும் இருக்கிறவங்களுக்குத்தான் இ.எஸ்.ஐ. உங்க பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தோட பங்கு 3.25 சதவீதம்.
- 10 பேருக்குக் கீழ: மேல சொன்ன எதுவும் கட்டாயம் இல்ல.

தனி டாக்டர் கிளினிக்னா ஒரு டாக்டர், ஒரு சைக்காலஜிஸ்ட், ரிசப்ஷன், நர்ஸ், நீங்க, அவ்வளவுதான் இருப்பீங்க. சட்டப்படி அவர் உங்களுக்கு பி.எஃப். போட வேண்டியதில்ல. அப்போ என்ன பண்றது? விருப்பப்பட்டா பி.எஃப்.ல தானா சேர நிறுவனத்துக்கு வழி இருக்கு. அது டாக்டருக்குத் தலைவலின்னு தோணுச்சுன்னா, அந்த ரூ.1,800ஐ சம்பளத்துல சேர்த்துத் தரச் சொல்லுங்க. அதை வாங்கிச் செலவு பண்ணிடாம, சம்பளம் வந்த மறுநாளே பி.பி.எஃப். இல்லன்னா என்.பி.எஸ்.க்குப் போற மாதிரி ஆட்டோ டெபிட் போடுங்க. டேர்ம் இன்சூரன்ஸும் ஹெல்த் இன்சூரன்ஸும் உங்க சொந்தப் பேர்ல தனியா எடுத்துடுங்க.

பணமும் ரகசியமும் ஒரே மேஜையில

இப்போ சொல்லப்போறது, மத்த ஆஃபீஸ் மேனேஜர் வேலைக்கும் இதுக்கும் இருக்கிற வித்தியாசம்.

பல் டாக்டர்கிட்ட போனது வீட்டுக்குத் தெரிஞ்சா யாரும் கவலைப்பட மாட்டாங்க. மனநல டாக்டர்கிட்ட போனது தெரிஞ்சா ஒருத்தரோட வேலை, கல்யாணப் பேச்சு, குடும்பச் சண்டை எல்லாத்துலயும் அது வந்து நிக்கும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தோட 23வது பிரிவு, நோயாளியைப் பத்தின தகவலை ரகசியமா வெச்சிருக்கணும்னு சொல்லுது. சிகிச்சை தர்றவங்க மேல அந்தக் கடமை இருக்கு. ஆனா நடைமுறையில தகவல் கசியற இடம் டாக்டர் ரூம் இல்ல. பில் கவுண்டர்தான். அதாவது உங்க மேஜை.

யுபிஐ பேர்: நோயாளி ஸ்கேன் பண்ணிப் பணம் கட்டினா, அவரோட பேங்க் ஸ்டேட்மென்ட்ல கிளினிக் பேர் விழும். கணவன் மனைவி ஜாயின்ட் அக்கவுன்ட்னா அடுத்த நிமிஷமே இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிடும். கியூஆர்ல காட்டுற பேரை "மனநல", "சைக்கியாட்ரி"ங்கிற வார்த்தை இல்லாம வெச்சுக்கலாமான்னு பேங்க்கிட்ட பேசுங்க. முடியலைன்னா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி நோயாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க: "ஸ்டேட்மென்ட்ல இந்தப் பேர் வரும், பரவாயில்லையா?"

ரிமைண்டர் மெசேஜ்: "நாளை மாலை 5 மணிக்கு உங்கள் அப்பாயின்ட்மென்ட்" போதும். எந்த டாக்டர், எதுக்குன்னு வேண்டாம். போன் ஸ்கிரீன் மேல வர்ற மெசேஜைப் பக்கத்துல இருக்கிறவங்களும் படிப்பாங்க.

பில்: டாக்டர் கன்சல்டேஷன், தேதி, தொகை, ரசீது எண் இருந்தா போதும். என்ன நோய்ங்கிறது பில்லுல வர வேண்டியதில்ல. இன்சூரன்ஸ் க்ளெய்முக்கு நோய் விவரம் தேவைப்படும். அது தனிப் பேப்பர். நோயாளியோட எழுத்துப்பூர்வ சம்மதத்தோட, டாக்டர் கையெழுத்தோட போகணும்.

வரிப் பதிவேடு: முறையா கணக்குப் புத்தகம் வைக்க வேண்டிய டாக்டர், வருமான வரி விதிப்படி ஃபார்ம் 3சின்னு ஒரு தினப் பதிவேடு வைக்கணும். அதுல தேதி, நோயாளி பேர், என்ன சேவை, எவ்வளவு ஃபீஸ்னு எழுதணும். பேர் எழுதித்தான் ஆகணும். ஆனா "என்ன சேவை"ங்கிற இடத்துல கன்சல்டேஷன்னு எழுதினா போதும். சிலர் அங்கேயே "டிப்ரஷன் ஃபாலோ அப்"னு எழுதிடுறாங்க. வரிச் சட்டம் அதைக் கேக்கவே இல்ல.

ஆடிட்டர்: எங்க ஆட்கள் வந்து "எல்லா ஃபைலையும் காட்டுங்க"ன்னு கேட்டாலும் கேஸ் ஷீட்டைக் காட்டாதீங்க. எங்களுக்கு வேண்டியது ரசீது எண், தொகை, ரொக்கமா யுபிஐயாங்கிறது, பேங்க் ஸ்டேட்மென்ட். ஒருத்தர் என்ன மாத்திரை சாப்பிடுறார்ங்கிறது எங்க வேலைக்குத் தேவையே இல்ல.

போன்: "நாங்க அவர் வேலை பார்க்கிற கம்பெனி ஹெச்.ஆர்.லிருந்து பேசுறோம், இந்த மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் உண்மைதானா?"ன்னு கேப்பாங்க. "எங்க பொண்ணு அங்க வர்றாளா?"ன்னு அப்பா கேப்பார். பதில் ஒண்ணுதான்: "எங்க கிளினிக்குக்கு யார் வர்றாங்க, யார் வரலைங்கிறதை போன்ல சொல்ல மாட்டோம் சார். எழுத்துல கேளுங்க, டாக்டர் பார்ப்பாங்க." "அவர் இங்க வர்றதில்லையே"ன்னு பொய்யும் சொல்ல வேண்டாம். எல்லாருக்கும் ஒரே பதில்னா யாரும் எதையும் ஊகிக்க முடியாது. கோர்ட் உத்தரவு, உயிருக்கு ஆபத்து மாதிரி சில நேரத்துல சட்டமே விலக்கு தருது. அது எப்போங்கிறதை டாக்டர்தான் முடிவு பண்ணணும். உங்க வேலை, அவர்கிட்ட உடனே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

உங்க பேர்ல எதுவும் வேண்டாம்

சின்ன இடத்துல நம்பிக்கையான ஆள்னு பேர் வாங்கிட்டா, உங்க பேரையே பயன்படுத்த ஆரம்பிப்பாங்க. கெட்ட எண்ணத்தோடன்னு இல்ல, அவசரத்துக்கு. ஆனா பேப்பர் அவசரத்தைப் பார்க்காது.

முதல்ல, உங்க சொந்த கூகுள் பே நம்பர்ல கிளினிக் பணத்தை வாங்காதீங்க. "ஸ்கேனர் வேலை செய்யல, இன்னைக்கு மட்டும் உங்க நம்பருக்குப் போடச் சொல்லுங்கம்மா"ன்னு ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு 15 பேர், ஆளுக்கு ரூ.800ன்னா ரூ.12,000. மாசத்துக்கு 25 நாள்னா ரூ.3,00,000. வருஷத்துக்கு ரூ.36,00,000 உங்க சேவிங்ஸ் அக்கவுன்ட்ல வந்து போயிருக்கும். நீங்க ரிட்டர்ன்ல காட்டுறது ரூ.3,60,000. நாளைக்கு நோட்டீஸ் வந்தா, அந்தப் பணம் உங்களோடது இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது நீங்க. ரெண்டு பேங்க்ல ரெண்டு கியூஆர் வாங்கி வெச்சா இந்தப் பிரச்சினையே இல்ல.

ரெண்டாவது, மருந்துக்கடை லைசென்ஸ், ஜி.எஸ்.டி. பதிவு, கிளினிக் வாடகை ஒப்பந்தம், சிம் கார்டு எதையும் உங்க பேர்ல எடுக்க ஒத்துக்காதீங்க. உரிமையாளர் யாரோ அவங்க பேர்ல இருக்கட்டும். "சும்மா பேருக்குத்தான்"னு கணக்குல ஒண்ணும் கிடையாது. பேர் இருந்தா பொறுப்பும் அதே பேருக்குத்தான்.

மூணாவது, ரொக்கம். ஒரே நாள்லயோ ஒரே சிகிச்சைக்கோ ஒருத்தர்கிட்டயிருந்து 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது. வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரலாம். உள்ள தங்கி சிகிச்சை எடுக்கிற மறுவாழ்வு மையங்கள்ல மூணு மாசக் கட்டணத்தை மொத்தமா ரொக்கமா கொண்டு வருவாங்க. அங்கதான் கவனம் வேணும். அதே மாதிரி ஒருத்தருக்கு ஒரு நாள்ல ரூ.10,000க்கு மேல ரொக்கமா கொடுத்தா, அதைக் கிளினிக் செலவா காட்ட முடியாது.

நாலாவது, தினமும் கல்லாவைக் கட்டும்போது ஒரு சின்னக் கணக்கு: காலை இருப்பு + வசூல் − செலவு − பேங்க்ல கட்டினது = இரவு இருப்பு. கீழ உங்க கையெழுத்து, இன்னொருத்தர் கையெழுத்து. கல்லா குறைஞ்சா எப்படிப் பார்க்கிறதுன்னு சேரும்போதே எழுதி வாங்கிக்கோங்க. நீங்க லீவுல இருந்த நாள் குறைஞ்ச பணம் உங்க சம்பளத்துல பிடிக்கப்படக் கூடாது.

இன்சூரன்ஸ்: நோயாளிக்கும், உங்களுக்கும்

"மனநோய்க்கு இன்சூரன்ஸ் கிடைக்காதே"ன்னு இன்னைக்கும் நினைக்கிறவங்க இருக்காங்க. மேனேஜரும் அதையே சொன்னா, ஒரு குடும்பம் தேவையில்லாம கடன் வாங்கும். 2017 சட்டத்தோட 21(4) பிரிவு, உடல் நோய்க்கு எப்படியோ அதே அடிப்படையில மனநோய்க்கும் காப்பீடு தரணும்னு சொல்லுது. அந்தச் சட்டம் 2018 மே 29ல அமலுக்கு வந்துச்சு. அதே வருஷமே ஐ.ஆர்.டி.ஏ.ஐ. காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புச்சு.

ஆனா ஒரு விஷயத்தை ஆரம்பத்துலயே தெளிவா சொல்லிடுங்க. பெரும்பாலான பாலிசி, உள்ள அட்மிட் ஆகுற செலவுக்குத்தான். மாசா மாசம் வர்ற கன்சல்டேஷன், தெரபி, மாத்திரைக்குப் பணம் வேணும்னா பாலிசியில ஓ.பி.டி. வசதி இருக்கணும். இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே சொன்னா, பின்னாடி கவுண்டர்ல சண்டை வராது.

உங்களுக்கும் இதே சட்டம்தான். நீங்க ஏற்கெனவே ஏதாவது சிகிச்சை எடுத்திருந்தா, பாலிசி எடுக்கும்போது மறைக்காதீங்க. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்புக் காலம் இப்போ அதிகபட்சம் 36 மாசம்தான். சொல்லிட்டுக் காத்திருக்கிறது, மறைச்சுட்டு க்ளெய்ம் நேரத்துல மாட்டுறதைவிட எவ்வளவோ மேல்.

மனசுக்கு ஆகுற செலவு

இதை எந்த ஆஃபர் லெட்டர்லயும் எழுத மாட்டாங்க. டாக்டர் உள்ள இருப்பார். வெளியில அழறவங்க, கோபப்படுறவங்க, மூணு மணி நேரம் காத்திருந்து பொறுமை போனவங்க எல்லாரையும் முதல்ல பார்க்கிறது நீங்க. ராத்திரி 10 மணிக்கு கிளினிக் போன்ல ஒருத்தர் "இனிமே வாழப் பிடிக்கல"ன்னு சொல்லுவார்.

அந்த நேரத்துல நீங்க கவுன்சலர் இல்ல. ஆனா போனை வெச்சுட முடியாது. அதனால சேர்ற முதல் வாரமே டாக்டர்கிட்ட கேட்டு ஒரு தாள்ல எழுதி மேஜையில ஒட்டிக்கோங்க: இந்த மாதிரி போன் வந்தா முதல்ல யாரைக் கூப்பிடணும், டாக்டர் எடுக்கலைன்னா அடுத்து யார், பக்கத்துல இருக்கிற எமர்ஜென்சி ஆஸ்பத்திரி எது. அதோட மத்திய அரசோட டெலி மானஸ் இலவச எண் 14416. 24 மணி நேரமும் தமிழ்லயும் பேசலாம். இந்தத் தாள் நோயாளிக்கு மட்டுமில்ல, உங்களுக்கும் பாதுகாப்பு.

கிளினிக் போனை வீட்டுக்குக் கொண்டு போகணும்னா அதுவும் வேலை நேரம்தான். அதுக்கு என்ன அலவன்ஸ், வாரத்துல எந்த நாள் அது உங்க கையில இருக்காதுன்னு பேசி முடிவு பண்ணிக்கோங்க.

அப்புறம், "ஸ்டாஃபுக்கு கவுன்சலிங் ஃப்ரீ"ன்னு ஒரு சலுகை சொல்லுவாங்க. நல்ல மனசோடதான் சொல்லுவாங்க. ஆனா உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கிட்டயே உங்க மனசைத் திறந்து பேச முடியாது. நாளைக்கு இன்க்ரிமென்ட் கேக்கும்போது அது நடுவுல வந்து நிக்கும். அதுக்குப் பதிலா வெளியில ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட போக வருஷத்துக்கு ஒரு தொகை தரச் சொல்லுங்க. இல்லன்னா உங்க பட்ஜெட்லயே மாசம் ஒரு செஷனுக்கான பணத்தைத் தனியா எடுத்து வெச்சுக்கோங்க. ஜிம் ஃபீஸ் மாதிரி இதுவும் ஒரு செலவுதான்.

சேர்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய 8 கேள்வி

1. லெட்டர்ல "சம்பளம்"னு இருக்கா, "ஃபீஸ்"னு இருக்கா? எந்தப் பிரிவுல டி.டி.எஸ். பிடிப்பீங்க?
2. மொத்தம் எத்தனை பேர் வேலை பார்க்கிறாங்க? பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவு இருக்கா?
3. சம்பளத்தோட லீவு எத்தனை நாள்? ஞாயிறு கிளினிக் இருந்தா மாற்று நாள் உண்டா?
4. மாசா மாசம் சம்பளச் சீட்டும், வருஷக் கடைசியில ஃபார்ம் 16ம் கிடைக்குமா?
5. கல்லாவுல குறை வந்தா யார் பொறுப்பு?
6. பேங்க், லைசென்ஸ், ஜி.எஸ்.டி. பேப்பர்ல கையெழுத்துப் போடப்போறது யாரு?
7. நோயாளி தகவலை யார் கேட்டா என்ன சொல்லணும்னு எழுதி வெச்ச விதி இருக்கா?
8. கிளினிக் நேரத்துக்கு அப்புறம் போன் யார்கிட்ட?

இதைக் கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாரோன்னு பயப்படாதீங்க. யோசிச்சுப் பாருங்க, அவர் தேடுறதே பேப்பரைச் சரியாப் பார்க்கிற ஒரு ஆளைத்தான். தன் சொந்த லெட்டரையே படிக்காம கையெழுத்துப் போடுறவங்க கிளினிக் லெட்டரை எப்படிப் படிப்பாங்க? நல்ல டாக்டர்னா, இந்த எட்டுக் கேள்வியைக் கேட்டதுக்காகவே உங்களை வேலைக்கு எடுப்பார்.

ஏற்கெனவே கன்சல்டன்ட்டா சேர்ந்துட்டீங்கன்னா, இன்னைக்கே செய்யக்கூடியது ரெண்டு. வருமான வரி போர்ட்டல்ல லாகின் பண்ணி உங்க பேன்ல டி.டி.எஸ். உண்மையிலேயே கட்டியிருக்காங்களான்னு 26ஏஎஸ்ல பாருங்க. பிடிச்சுட்டுக் கட்டாம விட்டிருந்தா, ரீஃபண்ட் வரும்னு நீங்க காத்திருக்கிறதுல அர்த்தமில்ல. ரெண்டாவது, மேல போட்ட ரூ.3,521 கணக்கை உங்க தொகைக்குப் போட்டு ஒரு தாள்ல எழுதுங்க. அடுத்த இன்க்ரிமென்ட் பேச்சுல அந்தத் தாள் உங்க கையில இருக்கட்டும்.

பி.எஃப்., கிராஜுவிட்டி கணக்கை எக்செல்ல போட்டுக் காட்டுற வீடியோ நம்ம சேனல்ல இருக்கு, பாருங்க. பல் கிளினிக், பிசியோதெரபி சென்டர், டியூஷன் சென்டர்னு சின்ன இடத்துல மேனேஜரா இருக்கிற உங்க நண்பருக்கும் இதை அனுப்புங்க. பாதிக் கணக்கு அவங்களுக்கும் அப்படியே பொருந்தும்.